முடிவு யார் கையில் இருக்கிறது? – சிறுதொழில் கேள்வி பதில்

இலக்கு வகுப்பது பற்றியும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றியும் வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, தொழிலை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். எட்டுப் பேர் பணிபுரிகிறார்கள். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால்தான் தொழில் வளரும் என்று பலரும் சொன்னதால், அச்சுப் பிரிவை ஒருவரிடமும் பைண்டிங்கை இன்னொருவரிடமும் ஒப்படைத்தேன். ஆனால் காலையில் கதவைத் திறப்பது முதல் இரவு பூட்டும் வரை எல்லாக் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. ஒருநாள் வெளியே சென்றால் கைப்பேசி ஓயாமல் அடிக்கிறது. ஒப்படைத்த பிறகும் பாரம் ஏன் இறங்கவில்லை?

பதில்: வேலையை நீங்கள் ஒப்படைத்துவிட்டீர்கள், அந்த வேலைக்குள் நாள்தோறும் எடுக்க வேண்டியிருக்கிற முடிவுகள் இன்னும் உங்களிடமே இருக்கின்றன. சில ஆண்டுகள் ஒரு சிறிய அச்சகத்தின் பொறுப்பில் இருந்தவன் என்பதால், உங்கள் கடிதத்தைப் படித்தபோது அங்கே நடப்பது கண்முன் வந்து நின்றது.

நான்கு வண்ண வேலை ஒன்று ஓடத் தொடங்குகிறது. முதல் தாள்கள் வந்ததும் மெஷின்மேன் ஒன்றை உருவி, ஈர மை கையில் ஒட்டாதபடி ஓரங்களைப் பிடித்துக்கொண்டு உங்கள் அறைக்கு வருகிறார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள். சிவப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது. "பரவாயில்லை, ஓட்டுங்கள்" என்கிறீர்கள். நீங்கள் வெளியே சென்ற நாளில் அவர் அதே தாளைப் படமெடுத்து அனுப்புகிறார். கைப்பேசித் திரையில் தெரியும் நிறத்தை நம்பி நீங்களும் பதில் சொல்கிறீர்கள். இருபது ஆண்டுகள் மை பார்த்த அவருடைய கண், உங்கள் கண்ணைவிடக் கூர்மையானது என்பது உங்களுக்கும் தெரியும். பிறகு ஏன் கேட்கிறார்? 'பரவாயில்லை' என்பது எதுவரை என்ற எல்லை உங்கள் மனத்தில் மட்டுமே இருப்பதால் கேட்கிறார். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அந்தப் பழி தம்மீது விழும் என்பதாலும் கேட்கிறார்.

ஆகவே எல்லையை உங்கள் மனத்திலிருந்து எடுத்து மெஷின் அருகே வையுங்கள். வாடிக்கையாளர் கையொப்பமிட்ட மாதிரித் தாள் ஒன்று அங்கேயே இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருக்கும் என்பதால், நிறம் பார்ப்பதற்கென்று எப்போதும் ஒரே விளக்கை வையுங்கள். ஈரத்தில் தெரியும் மினுமினுப்பு காய்ந்தபின் சற்று மங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, எவ்வளவு வேறுபாடு இருந்தால் கேட்காமலே ஓட்டலாம், எப்போது நிறுத்திச் சரிசெய்ய வேண்டும், எத்தனை தாள் வீணானால் உங்களை அழைக்க வேண்டும் என்பவற்றை இருவரும் சேர்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்று அவர் எடுத்த முடிவு ஒருநாள் தவறாகிப் போனால், வாடிக்கையாளருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஒரே ஒருமுறை கடிந்துகொண்டாலும் போதும், மறுநாள் முதல் தாள் மீண்டும் உங்கள் அறைக்கு வந்துவிடும்.

வில்லியம் ஆங்கென், டொனால்டு வாஸ் என்ற இருவர் 1974ஆம் ஆண்டு 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் மேலாண்மை வகுப்புகளில் பேசப்படுகிறது. ஒவ்வொரு சிக்கலையும் அவர்கள் தோளில் உட்கார்ந்திருக்கும் குரங்காக உருவகித்தார்கள். "இதில் ஒரு சிக்கல் இருக்கிறது" என்று பணியாளர் சொல்ல, "பார்த்துச் சொல்கிறேன்" என்று முதலாளி பதிலளித்த கணத்தில் குரங்கு தோள் மாறிவிடுகிறது, அதன்பிறகு பணியாளர்தான் முதலாளியிடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தொடங்குகிறார். சொல்லும்வரை காத்திருப்பது, என்ன செய்வது என்று கேட்பது, தம் யோசனையைச் சொல்லி ஒப்புதல் பெற்றுச் செய்வது, செய்துவிட்டு உடனே தெரிவிப்பது, செய்துவிட்டு வழக்கமான சந்திப்பில் தெரிவிப்பது என ஐந்து படிகளையும் அவர்கள் வகுத்தார்கள். உங்கள் பணியாளர்கள் இரண்டாம் படியில் நிற்கிறார்கள். அவர்களை ஒரே நாளில் ஐந்தாம் படிக்கு ஏற்ற முயலாதீர்கள். கேள்வியோடு வருகிறவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள். மூன்றாம் படிக்கு வந்துவிடுவார். எந்தெந்த வேலையில் நான்காம் படிக்குப் போகலாம் என்பதைப் பிறகு ஒவ்வொன்றாக முடிவு செய்யலாம்.

ஒரு வாரம் சட்டைப் பையில் சிறு குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு, உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் பெயரோடு ஒரு வரியில் எழுதுங்கள். நான் இதைச் செய்தபோது, எந்த வேலையை முதலில் ஓட்டுவது, கெட்டுப்போன தாளை மறுபடி அடிப்பதா, யாரை டெலிவரிக்கு அனுப்புவது என்ற மூன்று கேள்விகளே வேறுவேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தன. முதல் கேள்விக்கு வேலைகளின் வரிசையை எழுதிய ஒரு கரும்பலகை விடை சொன்னது. அதை எழுதும் பொறுப்பு மட்டும் சில மாதங்கள் என்னிடம் இருந்தது. பிறகு அதுவும் கை மாறியது.

கேள்வி: சீருடை தைத்துக் கொடுக்கும் தையலகம் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் "இந்த ஆண்டு வருமானத்தை இரு மடங்காக்க வேண்டும்" என்று பணியாளர்களைக் கூட்டிச் சொல்கிறேன். எல்லோரும் தலையசைக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் யாருக்கும் அது நினைவில் இல்லை, எனக்கும் இல்லை. சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் சில வாடிக்கையாளர்களையும் இழந்துவிட்டேன். இலக்கு வைப்பதே வீண் வேலையா?

பதில்: வீண் இல்லை, சகோதரி. ஆனால் காலர் தைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் 'இரு மடங்கு வருமானம்' என்பதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை தம் கையில் எதை மாற்றுவார்? அவருடைய நாளுக்குள் அந்த இலக்கு நுழையவே இல்லை. இன்று மாலை வேலை முடிந்து எழும்போது, இலக்கை நோக்கி நகர்ந்தோமா இல்லையா என்பதை உங்களைக் கேட்காமல் அவரே சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாதது அவரைப் பொறுத்தவரை வெறும் வாழ்த்துச் செய்திதான்.

இலக்குகளைக் கொண்டு நிர்வகிப்பது என்ற கருத்தை மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954இல் முன்வைத்தபோதே, தன் வேலையைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்வதை அதன் பாதியாகச் சேர்த்துச் சொன்னார். மேலிருந்து கண்காணிப்பதற்கான கருவியாக மட்டும் இலக்கை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். பின்னர் உளவியல் அறிஞர் எட்வின் லாக் 1968இல் எழுதிய கட்டுரையும், அவரும் கேரி லேத்தமும் தொடர்ந்து செய்த ஆய்வுகளும், "முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்று சொல்வதைவிடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு கூடுதல் பலன் தருகிறது என்று காட்டின. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: அந்த இலக்கை அவர் மனத்தால் ஏற்றிருக்க வேண்டும், செய்யும் திறன் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவ்வப்போது தெரிய வேண்டும். பழகாத, சிக்கலான வேலைக்கு எண்ணிக்கை இலக்கு வைத்தால் பலன் குறையவும் கூடும். நீங்கள் புதிய மெஷின் வாங்கியிருந்தால், பழகும் காலம் முடியும்வரை அதில் அமர்பவரிடம் எத்தனை உருப்படி என்று கேட்காதீர்கள்; எதை எதைக் கற்றுக்கொண்டார் என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். 'ஸ்மார்ட்' இலக்கு என்று இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லப்படும் ஐந்து இலக்கணங்களை ஜார்ஜ் டோரன் என்பவர் 1981இல் வெளியிட்டார். குறிப்பாக இருக்க வேண்டும், அளக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பவற்றுக்கு அடுத்து, மூன்றாவதாக அவர் சொன்னது 'யார் பொறுப்பு என்று ஒருவருக்கு உரித்தாக்கப்பட வேண்டும்' என்பதாகும். கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த இடத்தில் 'அடையக்கூடியதாக இருக்க வேண்டும்' என்பது வந்து உட்கார்ந்துகொண்டது. இதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை. யாருக்கு உரியது என்று சொல்லப்படாத இலக்கு கடைசியில் முதலாளிக்கே உரியதாகிவிடுகிறது. முதலாளிக்கோ தலைக்கு மேல் வேலை. இலக்கு வகுப்பதையும் பொறுப்பை ஒப்படைப்பதையும் நான் எப்போதும் சேர்த்தே எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் தையலகத்துக்கு வருவோம். இரு மடங்கு வருமானம் என்பதை இப்போதைக்கு உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்திருங்கள். வாடிக்கையாளர்கள் போனதற்கான காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது. எனவே அடுத்த 13 வாரங்களுக்கு 'ஒப்புக்கொண்ட நாளில் ஒப்படைத்தல்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள்; முதல் நான்கு வாரங்கள் எதையும் மாற்றாமல், எத்தனை ஆர்டர் நாள் தவறுகிறது, ஒவ்வொன்றும் துணி வருவதிலா, வெட்டுவதிலா, தைப்பதிலா, பொத்தான் வைத்து இஸ்திரி போடுவதிலா எங்கே தேங்கியது என்பதை மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலும் தேக்கம் ஓரிடத்தில்தான் இருக்கும். அது வெட்டும் மேசையில் என்றால், மீதி ஒன்பது வாரங்களுக்கு அந்த இலக்கு வெட்டுபவருக்கு உரியது. எந்த ஆர்டரை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையையும், துணி வராமல் புதிய ஆர்டருக்கு நாள் குறிக்கக் கூடாது என்று உங்களிடமே சொல்லும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள். சுவரில் ஒட்டிய தாளில் வாரக் கணக்கை எழுதும் கை அவருடையதாகவே இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை அந்தத் தாளின் முன் பதினைந்து நிமிடம் நின்று பேசுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், "ஏன் குறைந்தது?" என்று கேட்பதைவிட "எது குறுக்கே நின்றது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாதானம்தான் பதிலாக வரும். இரண்டாவதற்குச் செய்தி கிடைக்கும்.

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் நடத்துகிறேன். ஒரு நாளில் முடிக்கும் பழுதுகளின் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை அறிவித்தேன். எண்ணிக்கை உயர்ந்தது, புகார்களும் உயர்ந்தன. என் பணியாளர்கள் நேர்மையற்றவர்களா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கைப் பல ஆண்டுகள் பணியாளர்மீது அழுத்தியது. வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகள் தொடங்கப்பட்டது அம்பலமாகி, 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஒற்றை எண்ணுக்குப் பின்னால் பணத்தை வைத்தால், நல்ல மனிதர்களும் அந்த எண்ணுக்கு மட்டுமே வேலை செய்யத் தொடங்குவார்கள். எண்ணிக்கையோடு அதைக் காவல் காக்கும் இன்னோர் எண்ணையும் சேருங்கள்: அதே பழுதுக்கு 30 நாளுக்குள் மீண்டும் அழைப்பு வந்தால், முதலில் முடித்தது கணக்கில் சேராது என்று வைக்கலாம். ஆனால் உதிரிபாகம் தரமற்றதாக இருந்து திரும்பி வந்தால் அந்தக் குறையை அவர்மேல் ஏற்றாதீர்கள். அது கொள்முதலின் குறை.

கேள்வி: வாராந்தர இருப்புப் பட்டியலை நானே தயாரித்தால் அரை மணி நேரத்தில் முடிகிறது. உதவியாளரிடம் கொடுத்தால் இரண்டு மணி நேரம் ஆகிறது, பிழையும் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நானே செய்துவிடலாமே என்று தோன்றுகிறது.

பதில்: இந்த வாரத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் நினைப்பது சரி. ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்தால் அந்த அரை மணி நேரம் 25 மணி நேரமாகிறது. கற்றுக்கொடுக்க எட்டு மணி நேரம் செலவிட்டாலும் முதல் ஆண்டிலேயே 17 மணி நேரம் மிச்சம். இரண்டாம் ஆண்டில் முழுவதும் மிச்சம்.

கற்றுக்கொடுக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். வழிமுறையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். பிறகு தாம் புரிந்துகொண்டபடி படிப்படியாக அவரே எழுதட்டும். அதை நீங்கள் படியுங்கள். நீங்கள் கையாலேயே செய்து பழகிவிட்டதால் வாயால் சொல்ல மறந்தவை அனைத்தும் அங்கே இடைவெளியாகத் தெரியும். திறந்த பெட்டியில் பாதி மட்டும் இருந்தால் அதை எப்படிக் கணக்கிடுவது, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த சரக்கு எந்தப் பத்தியில் வரும் என்பவை போன்ற, உங்களுக்கு மட்டுமே தெரிந்த சிறு சிறு வழக்கங்கள்தான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அவருடைய பிழைகளில் பாதி அங்கிருந்துதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் உங்கள் வேகத்துக்கு வரவே மாட்டார் என்றாலும் கொடுங்கள். பட்டியல் சரியாக இருப்பதுதான் தேவை. எவ்வளவு விரைவாக முடிந்தது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: என் தம்பியும் நானும் சேர்ந்து தொழில் நடத்துகிறோம். நான் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்கிறார். பணியாளர்கள் திணறுகிறார்கள்.

பதில்: ஒரு பணியாளருக்கு ஒருவரே ஆணையிட வேண்டும் என்ற விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916இலேயே எழுதிவைத்தார். துறைகளை இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய துறையில் தவறு கண்டால் பணியாளரிடம் சொல்லாமல் அவரிடம், தனியே சொல்லுங்கள். மூத்தவர் நீங்கள் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை முதலில் காட்ட வேண்டியவரும் நீங்களே.

கேள்வி: நம்பிக்கையோடு கணக்கு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் பணத்தைக் கையாடியது தெரிய வந்தது. இப்போது யாரிடமும் எதையும் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்து உடல்நலமும் கெட்டுவிட்டது.

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. பணம் போனதைவிட, தினமும் முகம் பார்த்துப் பேசிய ஒருவர் இப்படிச் செய்தாரே என்பதுதான் நெடுநாள் வலிக்கும். அந்த வலியில் 'இனி யாரையும் நம்ப மாட்டேன்' என்று எடுத்த முடிவு உங்கள் உடலையே தின்றுகொண்டிருக்கிறது.

அப்போது தவறியது நம்பிக்கை வைத்ததில் அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பணம் வாங்குவது, அதைப் பேரேட்டில் எழுதுவது, வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பது ஆகிய மூன்றும் ஒரே கைக்குப் போனதில்தான் தவறு நிகழ்ந்தது. மூன்று வெவ்வேறு பேரை அமர்த்தும் வசதி சிறு நிறுவனத்துக்கு இருக்காது. வாங்குவது ஒருவர், எழுதுவது இன்னொருவர் என்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் கணக்கறிக்கை வேறு யார் கையும் படாமல் நேராக உங்களுக்கு வரட்டும். மாதம் ஒரு மணி நேரம், பேரேட்டின் ஒவ்வொரு பதிவையும் அறிக்கையோடு ஒப்பிட்டுக் குறியிடுங்கள். பணம் கொடுக்க வேண்டிய புதிய பெயர் எதையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளர் சிலருக்கு அவர்கள் கணக்கில் நிற்கும் பாக்கியை நீங்களே அவ்வப்போது எழுதிக் கேளுங்கள். கட்டிய பணம் பதிவாகாமல் போயிருந்தால் அந்த ஒரு கடிதத்திலேயே தெரிந்துவிடும்.

கணக்குப் பார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ச்சியாகச் சில நாள் கட்டாயம் விடுப்பில் செல்லவும், அந்த நாள்களில் அவர் இருக்கையில் வேறொருவர் அமரவும் ஏற்பாடு செய்யுங்கள். வங்கிகள் பொறுப்பான இடங்களில் இருப்பவர்களுக்கு இதையே விதியாக வைத்திருக்கின்றன. மறைத்து வைக்கப்பட்ட ஒன்றை நாள்தோறும் கவனித்துக்கொள்ள ஆள் இல்லாதபோது அது வெளியே வந்துவிடும். நேர்மையாக இருப்பவருக்கு அது வெறும் ஓய்வு.

புதிதாக வருகிறவரிடம் இந்த ஏற்பாடுகளை முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "உங்கள்மேல் சந்தேகம் இருப்பதால் பார்க்கிறேன்" என்பதற்கும், "இந்த இருக்கையில் யார் அமர்ந்தாலும் இப்படித்தான் பார்ப்போம், ஏதாவது காணாமல் போனால் உங்கள் பெயர் கெடாமல் காப்பதும் இதுதான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நல்ல பணியாளர்கள் உடனே உணர்வார்கள். வரி கட்டுவதற்கும் பணியாளர் பாதுகாப்புக்கும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வேலையை யாரிடம் கொடுத்தாலும் அந்தக் கடமை உங்களிடமே இருக்கும். அவற்றைத் தவிர மற்றவற்றில் எதை முதலில் கையிலிருந்து விடலாம் என்பதை உங்கள் உடலுக்குத் தேவையான ஓய்வு நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நாளின் கடைசி இரண்டு மணி நேரத்தில் நீங்கள் இப்போது செய்வது என்ன? பில் போடுவதா, சரக்கு எண்ணுவதா, கடை பூட்டுவதா? அதில் பணம் கை மாறாத ஒன்றைத் தேர்ந்து, இந்த வாரமே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குச் செல்லுங்கள். அடுத்ததைப் பற்றி ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.